'டொக்... டொக்...' என்றது வண்டி!

எங்கள் வீட்டு மாருதி 800 வண்டிக்கு என் மகளைவிட இரண்டு வயதுதான் குறைவு. 1998-ல் என் மாமனார் வாங்கியது. நிறம் வெள்ளை. இப்போது அதை வெள்ளை என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். மாமனார் காலமான பிறகு, "இதைத் தள்ளிவிட்டுடலாமா?" என்ற பேச்சு வருஷத்துக்கு இரண்டு தடவை எழும்பும், இரண்டு தடவையும் தானே படுத்துவிடும். பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டி 2024 தை மாதத்தில் பேச ஆரம்பித்தது.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டொக்'. பள்ளத்தில் விழுந்தால் 'டொக் டொக்'. முன்பக்கம், அதுவும் இடது பக்கம். ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை, இடது பக்கம் உட்காருகிற எனக்குக் கேட்டது.

"என்னங்க, சக்கரத்துக்கிட்ட ஏதோ சத்தம் வருதே?"

"பழைய வண்டின்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும். நீ ஏட்டி அதையே கேட்டுக்கிட்டு இருக்க?"

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிக்கொண்டே மூன்று வேலை பார்க்கிற காது இது. அதை எப்படி மூடி வைக்க?

சாதாரண நாளாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகளுக்கு மாசி மாதம் வளைகாப்பு. வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். முனைஞ்சிப்பட்டியிலிருந்து வந்த என் நாத்தனார், "ஒரு வாடகைக் காரைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாப் போச்சு" என்றாள். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். கூட்டி வருவதற்கு வாடகைக் கார் கிடைக்கும், சரி. அதற்கப்புறம் அவளுக்கு எந்த நேரத்தில் வலி எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் நிற்கிற வண்டிதான் நம் வண்டி. அந்த வண்டி 'டொக்' என்கிறது!

வேலை பார்க்கும் இடம் ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே இருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "முன்பக்கம் மொத்தத்தையும் மாத்தணும். பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். இவருக்கு ஓய்வூதியம்தான் வருமானம். வீடு திரும்பும்போது, "பதினெட்டாயிரத்தை இதுல போடுறதுக்கு, உன் வளையலை வச்சு வேற பழைய வண்டியே எடுத்துரலாம்" என்றார். அந்த வளையலை நான் பிரசவச் செலவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சுலோசன முதலியார் 1843-ல் நம் தாமிரபரணிக்குப் பாலம் கட்டினாரே, அப்போது அவர் மனைவி தன் நகைகளையெல்லாம் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அது ஊர் முழுக்க நடந்து போவதற்கான பாலம். இது தேய்ந்துபோன ஒரு சக்கரம்!

அப்போதுதான் என் கொழுந்தனார் ஞாபகம் வந்தது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தே ஓய்வு பெற்றவர். கூப்பிட்டு அனுப்பினேன். "சொதி வச்சுத் தந்தா வாரேன் மயினி" என்றார். தேங்காய்ப்பால் பிழியச் சோம்பல் பட்டால் மகளுக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

வந்ததும் பானெட்டின் ஒரு மூலையைக் கையால் அழுத்திவிட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே அமர்ந்தது. "ஷாக் அப்சார்பர் நல்லாருக்கு. எண்ணெயும் கசியலை. அது கெட்டிருந்தா வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே கிடக்கும்" என்றார். பிறகு ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கினார். உடம்புக்கு அடியில் ஒரு இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்து நிறுத்தினார். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டினார். கடகடவென்றது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் சத்தமே இல்லை.

"மேலும் கீழும் ஆடுனா கீழ்மூட்டு இல்லைன்னா பேரிங். பக்கவாட்டுல ஆடுனா ஸ்டியரிங் கம்பி. நமக்குக் கீழ்மூட்டுதான். நீங்களே தொட்டுப் பாருங்க மயினி."

சக்கரத்துக்குப் பின்னால், கீழே, ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டையின் மேல் என் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை ஆட்டினார். கைக்குள் 'தக்' என்று ஒரு தட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போன மாதம்தான் மகள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "இங்க பாரும்மா, உதைக்கான்" என்றாள். அதே மாதிரி ஒரு தட்டு. அது சந்தோஷம், இது பயம்.

அந்த உருண்டைக்குப் பெயர் பால் ஜாயிண்ட். நம் தோள்பட்டையிலும் இடுப்பிலும் இருக்கிற பந்துக் கிண்ண மூட்டு மாதிரியேதான். ஒரு பந்து, அது உட்கார ஒரு கிண்ணம், உராயாமல் இருக்க உள்ளே கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை. சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இந்த ஒரு மூட்டுதான் இடம் கொடுக்கிறது. அது 'லோயர் ஆர்ம்' என்கிற இரும்புக் கையின் நுனியில் இருக்கிறது. அந்தக் கையின் மறுமுனை வண்டியின் உடம்போடு ஒரு ரப்பர் புஷ்ஷில் பூட்டப்பட்டிருக்கும். நம் முதுகெலும்புக்கு இடையிலே சவ்வு இருக்கிறதல்லவா, புஷ்ஷுக்கும் அதே உத்தியோகம். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண், கீழே ஒரு கை என்ற இந்த ஏற்பாட்டை 1940-களில் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தாராம். அவர் பெயராலேயே அந்தத் தூணை இன்றும் அழைக்கிறார்கள்.

எங்கள் வண்டியின் ரப்பர் உறை காய்ந்த மாங்காய்த் தோல் மாதிரி வெடித்திருந்தது. கொழுந்தனார் அதை விரலால் பிதுக்கினார். கிரீஸ் வரவில்லை. பழுப்பு நிறத்தில் வண்டல் வந்தது!

எங்கிருந்து வந்த வண்டல் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டது. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, ஆறு எங்கள் ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள்ளேயே வந்துவிட்டது. மாடிப்படியில் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களில் நானும் ஒருத்தி. வண்டியை யார் தூக்க முடியும்? சக்கரத்தில் பாதி முங்க, இரண்டு நாள் வாசலிலேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் வெளியே கழுவினோம், உள்ளே துடைத்தோம், சாம்பிராணி கூடப் போட்டேன். கிழிந்த உறைக்குள் ஆற்று மண் போய் உட்கார்ந்தது யாருக்குத் தெரியும்?

"உறை எப்பவோ கிழிஞ்சிருக்கு. வெள்ளம் மிச்சத்தை முடிச்சு வச்சிருக்கு" என்றார் கொழுந்தனார். "அந்தக் காலத்து அம்பாசடர்ல மூட்டுக்கு மூட்டு நிப்பிள் இருக்கும். கிரீஸ் அடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டலாம். இதுல நிப்பிள் கிடையாது. உறை கிழிஞ்சா அதோட ஆயுசு முடிஞ்சுது."

"மாத்தாம ஓட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டார் இவர்.

"ஒரு நாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்துரும். சக்கரம் வெளிப்பக்கமா மடங்கி வண்டி அப்படியே உக்காந்துரும் அண்ணாச்சி. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கலாம், ஆனா அது சொன்னபடி கேக்காது. வீட்டு வாசல்ல நடந்தா சரி. பத்தமடை ரோட்டுல அறுபதுல போகும்போது நடந்தா?"

இவர் அதற்குப்பின் ஒன்றும் பேசவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

சகோதரிகளே, இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலருக்கு வண்டியில் சத்தம் கேட்கும்; சொன்னால், 'உனக்கு என்ன தெரியும்' என்று பதில் வரும்; நாமும் வாயை மூடிக்கொள்வோம். பள்ளத்தில் 'டொக்' என்ற சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுப்பது, முன் டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாவது, இதில் ஒன்று இருந்தால்கூடக் கட்டாயம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்குப் பத்து நிமிஷம் போதும்.

இனி வேலையைப் பற்றி. வேலைக்கு முன்னால் பின்சக்கரங்கள் உருளாமல் அடை கொடுக்க வேண்டும் என்றார் கொழுந்தனார். நான் ஓடிப்போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தேன். அவர் அரை நிமிஷம் சிரித்தார். "மயினி, உருளுற சக்கரத்துக்கு உருளுற குழவியா?" வெட்கமாகப் போய்விட்டது. பிறகு விறகுக் கட்டையை ஆப்பு மாதிரி இரண்டாகச் செதுக்கி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பின்னால் முட்டுக் கொடுத்தோம். எங்கள் முற்றம் தெருச் சாக்கடையைப் பார்த்துச் சற்றுச் சரிவு. வண்டி நின்றது வீட்டைப் பார்த்து. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நட்டு நான்கையும் ஜாக்கி வைப்பதற்கு முன்னாலேயே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டுமாம். அந்தரத்தில் நிற்கும் வண்டியில் ஸ்பானரைப் போட்டு மல்லுக்கட்டக் கூடாது. நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, பழைய அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தேன். ஒரு கிண்ணத்தில் சக்கர நட்டு, ஒன்றில் கைமூட்டுப் போல்ட், ஒன்றில் புஷ்ஷுப் பக்கத்துச் சாமான். "பணிமனையில முப்பது வருஷம் இருந்தும் எனக்கு இது தோணலையே" என்றார். குழவிக்கு இது ஈடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வருஷமாகக் கரண்டி, கிடுக்கி என்று கேட்ட இடத்தில் எடுத்துக் கொடுத்தே பழகியவள் நான். இப்போது "பன்னிரண்டு", "பதினாலு", "பதினேழு" என்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தனார் கோரைப்பாயை விரித்து அதில் சாய்ந்துகொண்டார். கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பட்டுப்பாயை எடுக்கப் போனாரே பார்க்கணும், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

இடது பக்கத்துக் கை பதினொரு மணிக்கெல்லாம் கழன்றுவிட்டது. மூட்டின் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட், ஸ்டெபிலைசர் கம்பி நுனியின் நட்டு, உடம்போடு சேர்க்கும் புஷ்ஷுப் போல்ட், அவ்வளவுதான் பூட்டு. கழற்றியதைக் கையில் எடுத்துப் பந்தை ஆட்டினால் ஆட்டின கழுத்து மணி மாதிரி லொடலொடவென்று ஆடியது. பால் ஜாயிண்டை மட்டும் தனியாக மாற்ற முடியாது, இந்த வண்டியில் கையோடு சேர்ந்துதான் வரும் என்றார். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயசு, அதே வெள்ளம். இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

பழையதைச் சாக்கில் சுற்றி, இவர் ஸ்கூட்டரை எடுக்க, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். 1983 முதல் அத்தனை வருஷம் ஓடிய வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாத இடத்தில் போலியும் இருக்கும். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்ப்போமே, அப்படி இதிலும் பார்க்க இருக்கிறது. கொழுந்தனார் சொல்லி அனுப்பியபடி பார்த்தேன். ரப்பர் உறை முழுசாக, கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். பந்துத் தண்டை விரலால் தள்ளினால் லேசில் அசையக் கூடாது, முரண்டு பிடிக்க வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், துளை எல்லாம் ஒத்துப் பார்க்க வேண்டும். முதலில் காட்டிய ஒன்று கைபட்டதும் தொளதொளவென்று ஆடியது. "இது வேண்டாம், வேற காட்டுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். இரண்டு கை, ஸ்டெபிலைசர் புஷ் ஒரு செட்டு, எல்லாம் மூவாயிரத்துக்குள் முடிந்தது.

சாயங்காலத்துக்குள் இடது பக்கம் பூட்டியாகிவிட்டது. வலது பக்கத்தில்தான் வினை. உடம்போடு சேர்க்கும் போல்ட் துருவேறி, அசைவேனா என்றது. டீசலில் நனைத்த துணியைச் சுற்றி, "ராத்திரி பூரா ஊறட்டும்" என்று வண்டியை நாலு சக்கரத்திலும் இறக்கி வைத்துவிட்டு, சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார் கொழுந்தனார்.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் எழுந்தேன். முற்றம் தெளிக்க வேண்டும், கோலம் போட வேண்டும். டீசலும் கருப்பு எண்ணெயுமாகத் தரை அசிங்கமாகக் கிடந்தது. பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இடைஞ்சலாக இருந்த இரண்டு கட்டைகளையும் எடுத்துச் சுவர் ஓரமாகச் சாத்தி வைத்தேன். வண்டிதான் நாலு காலில் நிற்கிறதே! கோலமும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏழு மணிக்கு இவர் ஆர்வக் கோளாறில் தாமே வலது பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டார். சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளியும் வைத்துவிட்டார். கட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை, நேற்று இருந்ததே! கொழுந்தனார் காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். "போல்ட் இளகியிருக்கான்னு ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டு ஸ்டாண்டை வைப்போம்" என்று கையை உள்ளே விட்டார். இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்பானரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். "பெரிய சுத்தியலைக் கொடுங்க மயினி" என்று கையை வெளியே நீட்டினார்.

சுத்தியலை நான் கொடுக்கவில்லை. அதற்குள் வண்டி பின்னால் நகர்ந்துவிட்டது. ஒரு சாண் இருக்குமோ என்னவோ. ஜாக்கி சாய்ந்தது, 'தொம்' என்று வண்டி இறங்கி ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்தது. கொழுந்தனார் கை அரை நிமிஷத்துக்கு முன் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு நின்றன.

யாரும் பேசவில்லை. தெருவில் பால்காரர் மணி மட்டும் கேட்டது.

"நான் கியர்ல போட்டுத்தானே வச்சிருந்தேன்!" என்றார் இவர், குரல் நடுங்க.

கொழுந்தனார் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, நிதானமாகத்தான் சொன்னார். மாருதியில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் அந்தப் பிடி போய்விடும். அந்தரத்தில் இருக்கிற பக்கம் சும்மா சுற்றிக்கொள்ளும். மிச்சம் இருப்பது பின்சக்கரத்து ஹாண்ட்பிரேக் மட்டும். அதன் கேபிளோ பழசு. சரிவான தரையில், ஆள் வேறு இழுத்தால் அது எப்படித் தாங்கும்? பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது அதனால்தான்.

"கட்டையை எடுத்தது நான்தான் தம்பி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "கோலம் போட எடுத்தேன்."

"நீங்க கோலம் போடத்தான் செய்வீங்க. ஸ்டாண்டு வைக்காம கையை விட்டது நானு. புதுசா வேலைக்கு வந்த பயலுகளுக்கு நானே எத்தனை தடவை ஏசியிருக்கேன், தெரியுமா? 'ஜாக்கிங்கது தூக்குறதுக்குத்தாம்ல, தாங்குறதுக்கு இல்ல'ன்னு." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஸ்டெப்னியைப் போட்டீகளே அண்ணாச்சி, அது ஒண்ணு உருப்படியான காரியம்."

அதற்குப்பின் கட்டை, ஸ்டாண்ட், ஸ்டெப்னி மூன்றும் வைத்து, வண்டியை ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் யாரும் கிட்டப் போனோம். துருப்பிடித்த போல்ட் மத்தியானம் ஒரு மணிக்கு அசைந்து கொடுத்தது. மற்றதெல்லாம் முதல் நாள் மாதிரியேதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: புஷ்ஷுப் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாதாம். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து, சீக்கிரம் கிழிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் வீட்டில் கழற்றக் கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த ஸ்பிரிங் அழுத்தி வைத்த நிலையிலேயே உள்ளே இருக்கிறது. அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் மேல்நட்டைத் திறந்தால் குண்டு மாதிரி பாய்ந்து வருமாம். கொழுந்தனாரே, "அதுக்கு நான் வீட்டுல கை வைக்க மாட்டேன்" என்றார். கை, புஷ் மாற்றுவதுகூடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான். திங்கட்கிழமை சக்கரக் கோணம் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அலைன்மெண்ட் செய்துகொண்டோம். அதைச் செய்யாவிட்டால் புது டயரும் ஓரம் தேய்ந்துவிடும். ஹாண்ட்பிரேக் கேபிளையும் இவர் கேட்காமலேயே மாற்றிவிட்டு வந்தார்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஐந்து வகைச் சாதம், கை நிறையக் கண்ணாடி வளையல். சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். மகளை முன்னால் உட்கார வைத்து, பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு படியும்படியும், மேல்பட்டை மார்புக்கு நடுவே வரும்படியும் நானே சரி செய்தேன். வயிற்றுக்குக் குறுக்கே பட்டை போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். பெல்ட்டே போடாமல் உட்காருவது அதைவிட மோசம் என்றும் சொன்னார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் நிறுத்தி, அவளுக்குப் பிடித்த அப்பளக்கட்டு நாலு வாங்கினேன். வீரவநல்லூர், காருகுறிச்சி தாண்டி சேரன்மகாதேவி வந்தது. நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்தேன். ஏறினது, இறங்கினது. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

மேலச்செவல் பக்கம் மழையில் அரித்துப் போன இடம் ஒன்று. இவர் கியரைக் குறைத்து மெள்ள இறக்கினார். ஒன்றுமில்லை.

"எப்பா," என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே. "வண்டியை மாத்திட்டீகளா?"

"இல்ல மக்கா, அதே வண்டிதான்."

"பின்ன ஏன் சத்தத்தையே காணோம்?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்னீர்பள்ளம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.